வருச இஞ்சி

எனக்கு வாய் நீளம் என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். புகுந்த வீட்டில் அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை. மாமியார் நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். "மாமியார் இல்லாத வீடு, கொடுத்து வைத்தவள்" என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருவே பொறாமைப்பட்டது. மாமியார் இல்லாத வீட்டில் மாமனார் இரண்டு பேருடைய வேலையையும் சேர்த்துப் பார்ப்பார் என்பது அந்தத் தெருவுக்குத் தெரியாது.

எழுபத்து மூன்றாம் வருடம் தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில் ஒரு கிராமம். நிலக்கடலையும் மரவள்ளியும் விளைகிற நிலம் இருந்தது. ஆனால் அந்த வீட்டை யாரும் நிலத்தை வைத்து அடையாளம் சொல்ல மாட்டார்கள். "இஞ்சிக்காரர் ஊடு" என்றால் பஸ் கண்டக்டருக்கே தெரியும். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் இஞ்சி பாட்டில் போட்டார்கள். அடித்துச் சொல்கிறேன், அப்படி ஒரு பானத்தை நான் அதற்கு முன்பும் குடித்ததில்லை, பின்பும் குடித்ததில்லை.

சோடாக் கம்பெனிக்காரர்கள் சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் கேஸ் கிடையாது. இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் இருக்கும் பழைய நுரையிலிருந்து ஒரு கரண்டி ஊற்றுவோம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். ஒரு நாள் ஜாடியில் பொங்கும். பிறகு வடிகட்டி பாட்டிலில் ஊற்றி, தக்கை அடித்து, சணலால் கட்டிவிடுவோம். மூன்றாம் நாள் தக்கையைப் பிடுங்கினால் பாட்டில் தானாகவே நுரைத்துக்கொண்டு எழும். நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலும் திருச்செங்கோட்டுத் தேருக்கும் விற்றது இந்த மூன்று நாள் இஞ்சிதான். கல்யாணத்தில் பெண் வீட்டார் வந்து இறங்கியதும் ஆளுக்கு ஒன்று கையில் கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று சண்டையே வந்திருக்கிறது.

இது போக இன்னொன்று இருந்தது. அதை விற்க மாட்டார்கள். அதன் பெயர் வருச இஞ்சி.

மாமனாரின் தகப்பனார் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த பங்களாச் சமையல்காரரிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, துரைகள் குடித்துவிட்டுத் தூக்கிப் போட்ட கனத்த பச்சை பாட்டில்களை மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்த பாட்டில்கள் அவை. ஒரு பாட்டிலைத் தூக்கி ஒரு ஆளை அடித்தால் ஆள்தான் உடைவான். ஆடிப் பதினெட்டு முடிந்ததும் அந்த பாட்டில்களில் இஞ்சியை ஊற்றிக் கட்டி, கிணற்றடியில் பாதி தரைக்குள் இறக்கிக் கட்டிய அறையில், ஈர மணலில் படுக்க வைப்பார்கள். ஈர ரூம் என்று அதற்குப் பெயர். சித்திரை வெயிலில் வெளியே கல் பொரியும்போதும் உள்ளே போனால் உடம்பு சிலிர்க்கும்.

பத்து மாதம் படுத்திருந்த பிறகு, பாட்டில்களைச் சாய்வுப் பலகையில் ஓட்டை போட்டுத் தலைகீழாகச் செருகுவார்கள். தினமும் காலையில் ஒவ்வொரு பாட்டிலையும் கால் சுற்று திருப்ப வேண்டும். சுண்ணாம்பால் அடியில் ஒரு கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்துத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பத் திருப்ப உள்ளே இருக்கும் மண்டி எல்லாம் மெதுவாக வழுக்கிக் கழுத்துக்கு வந்து தக்கையின் மேல் உட்காரும். ஒரு மாதம் கழித்துச் சணலை அறுத்துத் தக்கையை விட்டால், மண்டி மட்டும் சீறிக்கொண்டு வெளியே போகும். அந்த நொடியிலேயே கட்டைவிரலால் வாயை அடைத்து வேறு தக்கை அடிக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பாதி பாட்டில் முகத்தில். நான் வந்த முதல் வருடம் என் முகம் முழுக்க இஞ்சி. மூன்றாம் வருடம் அந்த வீட்டில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்க் கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். பீடி, வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. சாராயம் என்ற வார்த்தையைச் சொன்னால்கூட வாய் கொப்பளிக்கிற ஆள். மூக்கு மேல் கோபம். ஒரே ஒரு பழக்கம். மதியம் சோறு உண்டதும் வருச இஞ்சியில் அரை பாட்டில், பித்தளை டம்ளரில் ஊற்றி, "செரிமானத்துக்கு நல்லது சாமி" என்று சொல்லிக்கொண்டே மெதுவாகக் குடிப்பார். நாற்பது வருடப் பழக்கம். குடித்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வேறு ஆளாக இருப்பார். காலையில் அடிக்கப் போன ஆளையே கூப்பிட்டு, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரிப்பார். கோயிலுக்கு நன்கொடை, மாட்டுக்குத் தீவனம், பெண்ணுக்குச் சீர் என்று எது கேட்க வேண்டுமானாலும் ஊர்க்காரர்கள் மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள். காலையில் வந்தால் ஒன்றும் பெயராது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் யோசித்தேன். நான் சேலத்தில் பி.யு.சி. படித்தவள், கெமிஸ்ட்ரி ஒரு பாடம். சர்க்கரை போட்ட சாறு ஒரு வருடம் மூடிய பாட்டிலில் பொங்கிக்கொண்டிருந்தால் சர்க்கரை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வந்த ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நான் வாயாடிதான், முட்டாள் இல்லை.

வாயைத் திறக்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அது என் கொழுந்தனார்.

என் கல்யாணத்தின்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அப்போது சாராயக் கடைகள் திறந்திருந்த காலம். கல்யாணத்தன்று சாயங்காலம் கூட்டாளிகளோடு எங்கேயோ போய்விட்டு வந்தார். அவர் பந்தி பரிமாறுகிற முறை வந்தது. என் பெரியப்பாவின் இலையில் பாயசம் ஊற்றுவதற்குப் பதில் ரசத்தை ஊற்றினார். ஊற்றியதும் தடுமாறி அந்த இலையின் மேலேயே உட்கார்ந்தும் விட்டார். என் பெரியப்பா நல்ல மனிதர், வேட்டியை உதறிவிட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லோருமே சிரித்தோம். மாமனார் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் வாசலில் நின்று மகனிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"சாராயங் குடிச்ச காலு இந்த வாசப்படிய மிதிக்கப்படாது. போயிரு."

கொழுந்தனார் ஒரு தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க நங்கை, தப்பு என்ற மேலதானுங்க" என்றார். ஒரு வீட்டுக்குள் நான் வருகிறேன், அந்த வீட்டுப் பிள்ளை வெளியே போகிறான். என்ன ராசி இது? இந்த ஆளைத் திரும்ப இந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வராமல் விடுவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டராகச் சேர்ந்தார். லாரிப் பலகையில் புலி வரைவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பெயர் வாங்கினார். அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே கடைகளுக்குப் பாட்டில் போடப் போகும்போதெல்லாம் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் தூக்குப்போசியில் கறிக்குழம்பு கட்டிக் கொடுப்பேன். வீட்டில் அவர் பெயரை எடுத்தால் மாமனார் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மூன்று மணிக்கு மேலும் முயன்று பார்த்தேன். ஊரில் எல்லோருக்கும் இளகுகிற மனது அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இளகவில்லை. என் வீட்டுக்காரரைச் சொல்லிப் பயனில்லை. அவர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாயைக் கட்டி வைத்திருப்பவர்.

இப்படியே நாலு வருடம் ஓடியது. இதற்கிடையில் அரசாங்கம் கடைகளை மூடி மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. எழுபத்தேழில் ஒரு நாள் மதியம் எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் ஒரு சர்க்கார் ஆபீசர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நடுத்தர வயது, மரியாதையான மனிதர். பொங்க வைத்துச் செய்கிற பானம் எதுவானாலும் பரிசோதித்துச் சான்று கொடுக்க வேண்டும் என்று உத்தரவாம்.

"பெரியவரே, கோச்சிக்காதீங்க. எல்லாக் கம்பெனிக்கும் உள்ளதுதான். மூடி பிரிக்காத பாட்டில் ஒண்ணு கொடுங்க, போதும்" என்றார்.

மாமனார் என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளேயிருந்து மூன்று நாள் இஞ்சி ஒன்றைத் தட்டில் வைத்து எடுத்து வந்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஏஞ்சாமி, ஊடு தேடி வந்தவிங்களுக்கு இதயா குடுக்கறது? போன வருசத்து ஆடியில போட்டத எடுத்தா."

நான் தட்டோடு அங்கேயே நின்றேன்.

"மாமா, கடைக்குப் போறது இதுதானுங்களே. இதவே குடுக்கலாமுங்க."

"கடைக்குப் போறதக் கண்டவனும் குடிக்கறான். சர்க்கார் ஆளு நம்ம சரக்கச் சோதிக்கோணும்னு வந்திருக்கறாரு. சோதிக்கறதுன்னா நல்லதச் சோதிக்கட்டும். நம்ம கௌரவம் என்னாவறது?"

நான் கண்ணைக் காட்டினேன். தொண்டையைச் செருமினேன். "அது உள்ள மணலுக்குள்ள இருக்குதுங்க, எடுக்கச் சிரமமுங்க" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே எழுந்து ஈர ரூமுக்குப் போய், பலகையிலேயே தெளிவான பாட்டிலாகத் தேர்ந்தெடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் ஆபீசரிடம் கொடுத்தார். இந்த வீட்டுக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் மாமனார் தன் மரியாதையால் கெட்டார்.

"இது ஒரு வருசம் கெடந்ததுங்க. இந்த மாதிரி சரக்கு மெட்ராஸ்ல கூடக் கெடைக்காதுங்க" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

ஐந்து வாரம் கழித்து ஆபீசர் காகிதத்தோடு வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், மெதுவாகச் சொன்னார்.

"பெரியவரே, இது கடையில வித்த பீரை விடக் காட்டமா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

மாமனார் சிரித்தார். ஆபீசர் ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். காகிதத்தை வாங்கி, இங்கிலீஷ் தெரியாததால் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமா?"

"நெசந்தானுங்க மாமா."

"நீ காலேசு படிச்சவ. உனக்கு முன்னயே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது என்றில்லை, அந்த நேரத்தில் வரவில்லை.

"தெரியுமுங்க. வந்த ஒரு வாரத்துல தெரியுமுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். ஆபீசரிடம் நான்தான் பேசினேன். விற்பது வேறு, வீட்டில் வைத்திருப்பது வேறு, விற்பதைச் சோதிக்காமல் ஒரு கம்பெனியை மூடுவது எந்த நியாயம் என்று கேட்டேன். நீங்களே நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் எங்கள் பாட்டிலை எடுத்துப் போய்ச் சோதியுங்கள், அதிலும் அப்படி இருந்தால் நானே கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் யோசித்தார், சரி என்றார். அப்படியே எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். மூன்று நாள் இஞ்சியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. சான்றும் கொடுத்தார்கள். எண்பதுகளில் டெம்போ வாங்கி ஈரோடு வரை பாட்டில் அனுப்பியதெல்லாம் அந்தச் சான்றின் மேல்தான். ஆனால் வருச இஞ்சி வீட்டில் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது, ஒரு நாள் குறித்துத் தன் கண் முன்னால் கொட்ட வேண்டும் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். நியாயமான மனிதர், அவரை ஒன்றும் குறை சொல்ல முடியாது.

கம்பெனி பிழைத்தது. மாமனார்தான் பிழைக்கவில்லை. அந்தக் காகிதம் வந்த நாளிலிருந்து ஈர ரூம் பக்கமே போகவில்லை. மதியம் சோறு உண்டதும் வெறும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூக்கம் வராது. மூன்று மணிக்கு வந்த ஊர்க்காரர்கள் காலையில் வந்தவர்கள் மாதிரியே திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நானே போய் எதிரில் நின்றேன்.

"மாமா, கொழுந்தனாரக் கூப்பிட்டுக்கலாமுங்களா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்கே தெரியுமுங்க."

"ரெண்டும் ஒண்ணா?" என்று கத்தினார். "அவன் தெரிஞ்சு குடிச்சான். நான் தெரியாம குடிச்சேன்."

"இப்பத் தெரிஞ்சுருச்சுங்களே."

என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையைத் தானே பார்த்தார், கீழே போட்டார், தோட்டத்துக்குப் போய்விட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரி. கண்ணாடி வைத்துக் காட்டின பிறகும் பார்க்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த ஆள் தானாக இறங்கி வர மாட்டார், இறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் செய்ததை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். பாட்டில்களைக் கொட்டக் குறித்த நாளுக்கு முதல் நாள், நாமக்கல்லுக்கு முட்டை ஏற்றிப் போகிற வேன் டிரைவரிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பினேன். பாட்டில் கொட்டப் போகிறோம் என்று சொல்லவில்லை. "நாளைக்கு மத்தியானம் ஆபீசர் வாரார், உங்கப்பாவப் புடிச்சுட்டுப் போகப் போறாராம்" என்று பட்டறையில் சொல்லச் சொன்னேன். அபாண்டமான பொய். வேன் கிளம்பிய பிறகும் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். என் வீட்டுக்காரரும் இரண்டு ஆட்களும் ஈர ரூமிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசலில் அடுக்கினார்கள். ஊரே வேலியோரம் நின்றது. மாமனார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தானே சணலை அறுத்து, தானே தக்கையைப் பிடுங்கித் தென்னம்பாத்தியில் ஊற்றினார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு தக்கையும் வெடிக்கும்போது கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. இஞ்சியும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசம் தெரு முழுக்க நின்றது. அந்த பாட்டில்களில் பாதியை ஒரு மாதம் தினமும் நான் என் கையால் திருப்பியிருக்கிறேன். இருந்தாலும் என் கண் ரோட்டின் மேல்தான் இருந்தது.

பன்னிரண்டரை பஸ்ஸில் கொழுந்தனார் வந்தார். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார், முழங்கை வரைக்கும் மஞ்சள் பெயின்ட். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஆபீசர் முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார். மூச்சு வாங்கியது.

"சார், இதெல்லாம் என்றதுங்க. நான்தானுங்க செஞ்சு வெச்சது. எங்கப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அவரு சாராய வாசங்கூட அறியாதவருங்க. நான் குடிகாரனுங்க, ஊர்ல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. என்னக் கூட்டிட்டுப் போங்க சார்."

ஆபீசர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். யாரையும் பிடிக்க அவர் வரவில்லையே! நான் அவருக்கு ஒரு கும்பிடு போட்டு, பேசாதீர்கள் என்று தலையை ஆட்டினேன். அந்த மனிதர் நல்ல வேளையாகப் பேசவில்லை.

மாமனார் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். மகனை அவர் நாலு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறார். பெயின்ட் பூசிய கைகளைப் பார்த்தார். கூப்பிய கை இன்னும் இறங்காததைப் பார்த்தார். ஊர் முழுக்க நிற்கிறது என்பதை அவர் மறந்தாரா, தெரிந்தேதான் பேசினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"பொய் சொல்றானுங்க" என்றார் ஆபீசரிடம். குரல் பிசிறியது. "இவன் வெக்கலீங்க. நாந்தானுங்க வெச்சேன். நாப்பது வருசமா நெதமும் குடிச்சதும் நாந்தானுங்க. இவன் ஒரே ஒரு நா குடிச்சான். அந்த ஒரு நாளைக்கு நாலு வருசம் இவன வெளிய நிறுத்திப்போட்டேனுங்க. என்னைய யாருங்க நிறுத்தறது?"

கொழுந்தனார், "அப்பா, அப்பா" என்று மட்டும் சொன்னார். மாமனார் கையிலிருந்த பாட்டிலைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு, என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

ஆபீசர் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். கூட்டம் கலைந்தது. நான் கொழுந்தனாரைக் கூப்பிட்டு, நேற்றுச் சொல்லி அனுப்பியது நான்தான், பொய்தான் என்று சொன்னேன். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லீங்க நங்கை" என்றார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். பெயின்ட் போகவில்லை. வாங்க என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.

வாசற்படிக்கு வந்ததும் பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு பெரிய ஆள், புலியெல்லாம் வரைகிற ஆள், கால் மேலே எழவில்லை. குனிந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுக்க எனக்கு உரிமை இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். நாலு வருடமாக இந்த நாளுக்காக நான் போட்ட கணக்கில் இந்தப் படி இல்லை.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. காலையில் திட்டுகிற அதே குரல், அதே எரிச்சல்.

"ஏன்டா சாமி, இன்னும் அங்க என்ன பண்ற? எனக்குப் பசிக்குது, நீ வந்து உக்காந்தாத்தான் நான் சோறு உங்குவேன்."